சுமோ வெடித்த கணக்கு: நாலு கிலோவா, 120 கிராமா?

போன பொங்கலுக்கு டிவியில் ஒரு படம். வில்லனின் சுமோ வெடித்து மின்கம்ப உயரத்துக்குப் பறக்கிறது. "இதுக்கு எத்தனை கிலோ வெடிமருந்து வேணும் மாமா?" என்று கேட்டான் அக்கா மகன். இயற்பியல் படித்த திமிர் எனக்கு. "நிறுத்து, சொல்றேன்" என்றேன்.

1945 ஜூலையில் நியூ மெக்சிகோவில் நடந்த டிரினிட்டி அணுகுண்டுச் சோதனையின் வலிமையைப் புகைப்படங்களை வைத்தே கணித்தவர் பிரிட்டிஷ் இயற்பியலாளர் ஜி. ஐ. டெய்லர். 1950இல் அதைக் கட்டுரையாகவும் வெளியிட்டார். நெருப்புக்கோளத்தின் ஆரத்துக்கு ஐந்தாம் அடுக்கு, அதைக் காற்றின் அடர்த்தியால் பெருக்கி, நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் ஆற்றல். ஒரு படத்தில் 0.025 நொடி என்று நேரமே அச்சாகியிருக்கும், கீழே 100 மீட்டர் அளவுகோலும் இருக்கும். ஆரம் சுமார் 140 மீட்டர். போட்டால் 25 கிலோடன்னை, அதாவது 25,000 டன் டிஎன்டி வெடிமருந்தை ஒட்டி வரும்.

சுமோவுக்கு அளவுகோல் சுமோவேதான். நீளம் நாலேகால் மீட்டர். டிவி மேல் ஸ்கேலை வைத்துப் பார்த்தேன், நாலாவது பிரேமில் தீயின் அகலம் மூன்று சுமோ நீளம். 13 மீட்டர். நொடிக்கு 24 பிரேம் என்று வைத்து, கிட்டத்தட்ட நாலு கிலோ டிஎன்டி என்று அறிவித்தேன். பையனுக்கு ஒரே பெருமை.

ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. 13 என்பது விட்டம். ஆரம் பாதியானால் விடை 32இல் ஒரு பங்காகிவிடும். 120 கிராம்! எங்கள் வீட்டுக் காபித்தூள் பொட்டலமே 100 கிராம். அப்புறம், அது ஸ்லோமோஷன் காட்சி வேறு. நாலு மடங்கு மெதுவாக எடுத்திருந்தால் விடை 16 மடங்கு ஏறிவிடும். உங்களில் யாராவது இப்படி மாட்டியிருக்கிறீர்களா?

* * *

சுமோக் கணக்கு போட்டவரே, உங்கள் விட்டத்தை விடுங்கள், சூத்திரமே அங்கே செல்லாது. கல்லூரி நாளில் எங்கள் ஊர்ப் பக்கம் ஷூட்டிங் நடந்தது. கார் வெடிக்கும் காட்சி. கயிறு கட்டி எங்களை நிறுத்திய இடத்தில் டீக்கடை பெஞ்ச் ஒன்று. பனைமர உயரத்துக்கு ஆரஞ்சு நிறத் தீ, மேலே கரும்புகை, முகத்தில் அனல். ஆனால் சத்தம்? 'டொப்'. பெஞ்சில் இருந்த கிளாஸில் டீ அலம்பக்கூட இல்லை. தியேட்டரில் அதே காட்சிக்கு நாற்காலி அதிர்ந்தது.

அது பெட்ரோல். ஒரு லிட்டரில் ஏழெட்டு கிலோ டிஎன்டிக்கு நிகரான ஆற்றல் இருக்கிறது, ஆனால் நிதானமாக எரிகிறது. டெய்லர் கணக்குக்கு அதிர்ச்சி அலை வேண்டும், அதாவது ஒலியைவிட வேகமாகக் காற்றை நெருக்கிக்கொண்டு பாயும் அலை. கல்குவாரியில் வெடி வைப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: தீயே தெரியாது. பாறை உப்பும், தூசி கிளம்பும், காலுக்குக் கீழே ஒரு உதை, அதற்குப் பிறகுதான் சத்தம். கிலோமீட்டருக்கு மூன்று நொடி தாமதம். சினிமாவில் தீயும் சத்தமும் ஒன்றாகவே வரும், என்னமோ எல்லாரும் குண்டு மேலேயே உட்கார்ந்திருப்பது மாதிரி.

* * *

நான் மாட்டியது ஸ்டார் வார்ஸில். 1977 படத்தில் டெத் ஸ்டார் என்ற ராட்சத விண்வெளி ஆயுதம் ஆல்டரான் கோளை உடைக்குமே, அது. பூமி அளவுள்ள கோள் என்று வைத்து, அதைப் பிரித்தெறியக் குறைந்தபட்சம் எவ்வளவு வேண்டும் என்று பார்த்தேன். சூரியன் ஒரு வாரம் வெளிவிடும் ஆற்றல். 'அவ்வளவுதானா' என்று பந்தாவாக நண்பனிடம் சொன்னேன்.

அவன் காட்சியை மறுபடி ஓட்டி, "சிதறல் போற வேகத்தைப் பாருடா" என்றான். ஒரு நொடியில் கோளின் ஆரத்தைத் தாண்டுகிறது என்று வைத்தாலே நொடிக்கு 6,400 கிலோமீட்டர். பூமி மாதிரிக் கோளின் ஈர்ப்பிலிருந்து தப்பிக்க நொடிக்கு 11.2 கிலோமீட்டர் போதும். மறுபடி போட்டால், சூரியன் பத்தாயிரம் ஆண்டு வெளிவிடுவது. ஐந்து லட்சம் மடங்கு தப்பு. உங்கள் 32 எல்லாம் எம்மாத்திரம்!

* * *

சுமோக் கணக்கில் மாட்டிய அதே ஆள்தான் நான். நேற்று அக்கா மகனுக்குப் போன் போட்டு 120 கிராம் என்று ஒப்புக்கொண்டேன். பெட்ரோல் கதையையும் சொன்னேன். "போங்க மாமா, நான் கிளாஸ்ல நாலு கிலோன்னு சொல்லிட்டேன்" என்கிறான்.