ஏணி வகை டிஏசிக்கு மாறுவது என் காதுக்குப் பயன் தருமா?

நள்ளிரவுக்காது:

வணக்கம். ஆறு ஆண்டுகளாக டெல்டா-சிக்மா என்னும் பரவலான வகைச் சில்லு கொண்ட ஒரே டிஏசியை (டிஜிட்டல் கோப்பை அனலாக் ஒலியலையாக மாற்றும் கருவியை) பயன்படுத்தி வருகிறேன். கணினியிலிருந்து யுஎஸ்பி வழியாக அதற்கும், அதிலிருந்து ஓர் ஆம்ப்ளிஃபயருக்கும், அங்கிருந்து தாங்கிகளின் மேல் வைத்த இரண்டு சிறிய ஸ்பீக்கர்களுக்கும் இசை போகிறது. அறையின் நீளம் ஏறத்தாழ 4 மீட்டர், அகலம் 3 மீட்டர். நான் கேட்பவற்றில் பெரும்பகுதி சிடியிலிருந்து எடுத்துவைத்த 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் கோப்புகள், அதாவது வினாடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட் எண்.

சென்ற மாதம் நண்பர் ஒருவர் தாம் வாங்கிய உயர்ரக ஆர்-2ஆர் ஏணி வகை (மின்தடைகளை ஏணிபோல் அடுக்கிச் செய்த) டிஏசியைக் கொண்டுவந்து என் அறையிலேயே இரண்டு மணி நேரம் ஓட்டிக் காட்டினார். குரல் முன்னே வந்து நின்றது. கருவிகளுக்கிடையே இடம் கூடியது போலிருந்தது. சில பதிவுகளில் என்னை நெடுநாளாக உறுத்திவந்த கூர்மை காணாமல் போயிருந்தது. அன்றிரவே என்னுடையதை விற்றுவிடுவது என்று முடிவுசெய்தேன். காலையில் இரண்டின் அளவீடுகளையும் எடுத்துப் பார்த்தபோதுதான் குழப்பம் வந்தது. என் கருவியின் திரிபு (மூல ஒலியில் இல்லாததைக் கருவி சேர்ப்பது) 0.0003 சதவீதம், அவருடையது 0.02 சதவீதம். அளவீட்டில் இவ்வளவு பின்தங்கிய கருவி காதில் எப்படி முந்துகிறது? நண்பர் அதை ஒரு மாதம் என்னிடமே விட்டுவைக்க இசைந்திருக்கிறார். இந்த ஒரு மாதத்தில் எதையெதைச் சோதித்துப் பார்த்தால் நான் தெளிவான முடிவுக்கு வர முடியும்?

மின்தடை:

வாங்குவதா வேண்டாமா என்பதற்கு முன், அன்று உங்கள் காதில் விழுந்தது என்ன என்பதைக் கண்டறிய வேண்டும். இரண்டு கருவிகளின் ஒலியளவையும் சமப்படுத்தியதாக நீங்கள் எழுதவில்லை. ஆகவே சமப்படுத்தவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். ஆர்சிஏ எனும் சாதாரண இணைப்பில் டிஏசிகள் வழக்கமாக 2 வோல்ட் தருகின்றன என்றாலும், அதற்குச் சற்று மேலே போகிறவை நிறைய உண்டு. எக்ஸ்எல்ஆர் எனும் சமநிலை இணைப்பில் 4 வோல்ட் வருமானால் அதுவே 6 டெசிபெல் கூடுதல். ஆறு டெசிபெல் யாரையும் ஏமாற்றாது, சத்தம் கூடிவிட்டது என்று உடனே தெரிந்துவிடும். ஏமாற்றுவது அரை டெசிபெல்லும் ஒரு டெசிபெல்லும்தான்: அந்தச் சிறிய ஏற்றம் சத்தமாகத் தோன்றாமல், தெளிவாகவும் அகலமாகவும், குரல் முன்னே வந்ததாகவும் தோன்றும். நீங்கள் பயன்படுத்திய சொற்களையே திரும்பப் படித்துப் பாருங்கள்.

ஒரு மல்டிமீட்டர் போதும். 100 ஹெர்ட்ஸ் சைன் அலைக் கோப்பு ஒன்றை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மாறுமின்னோட்ட வோல்டேஜை அளந்து, இரண்டு டிஏசிகளுக்கும் வேறுபாடு ஒரு சதவீதத்துக்குள் வரும்வரை, கூடுதலாகத் தருவதை மென்பொருளில் குறைத்துக்கொள்ளுங்கள். (1 கிலோஹெர்ட்ஸ் வேண்டாம், மலிவான மீட்டர்கள் பல அந்த அதிர்வெண்ணில் தவறாகக் காட்டும்.) வெளியீடு 24 பிட்டாக இருக்கும்வரை இந்தச் சிறு குறைப்பால் காதுக்கு இழப்பு எதுவும் இல்லை. பிறகு வேறொருவரை மாற்றிவிடச் சொல்லி, எது எது என்று தெரியாமல் 16 முறை கேளுங்கள். பன்னிரண்டு அல்லது அதற்கு மேல் சரியாகச் சொன்னால் அது குருட்டு யோகமாக இருக்க நூற்றில் நான்குக்கும் குறைவான வாய்ப்பே உண்டு.

அடுத்தது, நண்பரின் கருவியில் ஓவர்சாம்ப்ளிங்கை (மாதிரிகளுக்கு இடைப்பட்ட மதிப்புகளைக் கணக்கிட்டுச் சேர்ப்பதை) நிறுத்தி வைக்கும் நிலை, அதாவது நோஸ் எனப்படும் நிலை, இருக்கிறதா என்று பாருங்கள். ஏணி வகைக் கருவிகளில் பலவற்றில் இருக்கும். அந்த நிலையில் ஒவ்வொரு மாதிரியின் மதிப்பும் அடுத்தது வரும்வரை அப்படியே படிக்கட்டு போலப் பிடித்து வைக்கப்படுவதால், மேல் அதிர்வெண்கள் இயல்பாகவே சரிகின்றன. 44.1 கிலோஹெர்ட்ஸ் கோப்பில் இந்தச் சரிவு 10 கிலோஹெர்ட்ஸில் முக்கால் டெசிபெல், 20 கிலோஹெர்ட்ஸில் 3 டெசிபெல்லுக்குச் சற்று மேல். இது கற்பனையும் அன்று, மின்தடைகளின் மந்திரமும் அன்று. மாதிரியை இப்படிப் பிடித்து வைத்தால் எந்தச் சில்லிலும் இதே சரிவு வரும். கூர்மை குறைந்ததாக நீங்கள் சொன்னதற்கு இது காரணமாக இருக்கலாம்.

ஏணியைப் பற்றி ஒரு சொல். ஒரு மதிப்பும் அதன் இருமடங்கும் கொண்ட மின்தடைகளை மாறி மாறி அடுக்குவதுதான் அதன் அமைப்பு. 16 பிட் என்றால் 65,536 படிகள். மேல்மட்ட பிட்டின் மின்தடையில் அத்தனையில் ஒரு பங்கு பிழை வந்தாலே அரைப் படி கெட்டுவிடும். 0.01 சதவீதத் துல்லியமுள்ள மின்தடையின் பிழையோ பத்தாயிரத்தில் ஒரு பங்கு. இந்த இடைவெளியை அடைக்கத் தயாரிப்பாளர்கள் தேர்ந்தெடுத்தல், திருத்துதல் என்று எவ்வளவோ உழைக்கிறார்கள், விலையின் கணிசமான பங்கு அங்கேதான் போகிறது. அந்த உழைப்பை மதிக்கிறேன். ஆனால் டெல்டா-சிக்மா சில்லு அதைவிடச் சிறந்த நேர்த்தன்மையை (படிகள் சரிசமமாக அமைவதை) மிகக் குறைந்த செலவில் எட்டிவிடுகிறது என்பதையும் மறைக்கக் கூடாது.

ஏணிப்படி:

நான் ஏணி வகையைத்தான் மூன்று ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். ஆகவே என் சார்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேலே எழுதியவரின் சோதனை முறையில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அந்த 0.02 சதவீதத்தைக் கண்டு நீங்கள் அஞ்ச வேண்டாம் என்று மட்டும் சொல்ல வந்தேன். அது இசைக்கு 74 டெசிபெல் கீழே இருக்கிறது. உங்கள் ஸ்பீக்கர்கள் தாழ்ந்த சுரங்களில் ஒரு சதவீதத் திரிபை எளிதாகத் தரக்கூடியவை. அது 40 டெசிபெல் கீழேதான். தாள்களில் தெரியும் தோல்வி அறையில் தோல்வியே அல்ல.

குருட்டுச் சோதனைகளே முடிந்த முடிவு என்பதிலும் எனக்கு முழு உடன்பாடில்லை. 2007-இல் மேயர், மோரன் என்ற ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனையில், சிடியைவிட உயர் தெளிவுள்ள பதிவுகளின் பாதையில் அவற்றை 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கும் கட்டம் ஒன்றை நுழைத்தபோது, கேட்டவர்கள் 554 முறைகளில் 276 முறையே சரியாகச் சொன்னார்கள். நாணயத்தைச் சுண்டியது போலத்தான். ஆனால் 2016-இல் ஜோஷுவா ரீஸ் என்ற ஆய்வாளர் 18 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது சரியான விடைகள் 52.3 சதவீதம் வந்தன. சிறிய வேறுபாடுதான், எனினும் தற்செயல் என்று தள்ளிவிட முடியாதது; பயிற்சி பெற்றவர்களிடம் அது கூடுதலாகவும் இருந்தது. இரண்டும் கோப்பின் தெளிவைப் பற்றியவை, டிஏசியைப் பற்றியவை அல்ல என்பதை அறிவேன். இருந்தாலும் பத்து வினாடித் துண்டுகளைக் கேட்டுத் தேர்வு எழுதுவதும், ஒரு மாலை முழுவதும் அமர்ந்து கேட்பதும் ஒன்றல்ல. கருவி உங்களிடம் ஒரு மாதம் இருக்கிறதே, இரண்டையும் செய்யுங்கள்.

மூலைபாஸ்:

டிஏசியை விடுங்கள், அறையைப் பாருங்கள். ஒலி வினாடிக்கு 343 மீட்டர் செல்கிறது. 4 மீட்டர் நீளத்துக்கு அறையின் முதல் ஒத்ததிர்வு 43 ஹெர்ட்ஸிலும், 3 மீட்டர் அகலத்துக்கு 57 ஹெர்ட்ஸிலும் வந்து விழும். அந்த அதிர்வெண்களில் பத்து டெசிபெல் மேடும் பள்ளமும் இருப்பது சாதாரணம். இன்னொன்று: உங்கள் ஆம்ப்ளிஃபயரில் அறைத் திருத்தமோ டிஜிட்டல் தொனிக் கட்டுப்பாடோ இருந்தால், அது உள்ளே வரும் அனலாக் ஒலியை மறுபடியும் டிஜிட்டலாக்கி, தன் சொந்தச் சில்லின் வழியாகத்தான் வெளியே விடும். அப்படியானால் வெளியே எவ்வளவு உயர்ந்த ஏணியை வைத்தாலும் கடைசியில் நீங்கள் கேட்பது ஆம்ப்ளிஃபயரின் உள்ளே இருக்கும் டிஏசியை.

கம்பிச்சுருள்:

கணினியின் ஒலி அமைப்பு 48 கிலோஹெர்ட்ஸில் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். எல்லா மென்பொருள்களின் ஒலியையும் சேர்க்கும் பொதுக் கலவையின் வழியாகப் போனால் உங்கள் சிடி கோப்புகள் அனைத்தும் டிஏசியை அடையும் முன்பே மறுமாதிரியாகிவிடும், அதாவது 44.1-இலிருந்து 48-க்கு மாற்றிக் கணக்கிடப்பட்டுவிடும். ஏணி வந்தாலும் ஏற்றம் வந்தாலும் அந்தக் கணக்கு மாறாது.

நள்ளிரவுக்காது:

அனைவருக்கும் நன்றி. மூன்று வாரங்கள் எடுத்துக்கொண்டேன். ஆம்ப்ளிஃபயர் முழுக்க அனலாக், அதில் சிக்கல் இல்லை. கணினி 48-இல் தான் நின்றிருந்தது. வெட்கத்துடன் ஒப்புக்கொண்டு மாற்றிவிட்டேன்.

டிஏசிகளின் வெளியீட்டை அளந்தபோது என்னுடையது 2.02 வோல்ட், நண்பருடையது 2.29 வோல்ட். ஏறத்தாழ 1.1 டெசிபெல் வேறுபாடு. சமப்படுத்தியவுடனே குரல் முன்னே வந்து நின்ற அந்த உணர்வு பெருமளவு போய்விட்டது, எது எது என்று தெரிந்தே கேட்டபோதும். பிறகு என் மகள் பொறுமையாக மாற்றி மாற்றி இணைத்துத் தந்தாள். நோஸ் நிலையில் 16-க்கு 14 சரியாகச் சொன்னேன். ஓவர்சாம்ப்ளிங்கை இயக்கியபோது 16-க்கு 9. இடைப்பட்ட நாட்களில் மாலைதோறும் ஏணியை மட்டும் கேட்டேன். களைப்பு குறைவதாகத் தோன்றியது, ஆனால் அதை நோஸ் நிலையில்தான் கேட்டேன் என்பதால் இதற்கு மேல் எதுவும் சொல்வதற்கில்லை.

என் டிஏசியிலேயே அந்தச் சரிவை ஈக்வலைசரால் (அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மென்பொருளால்) வரைந்து, நோஸ் நிலையோடு ஒப்பிட்டேன். பெரும்பாலான பதிவுகளில் பிரித்தறிய முடியவில்லை. ஆனால் முன்பு உறுத்திய அதே இரண்டு பதிவுகளில் மட்டும் என் டிஏசியின் கூர்மை இன்னும் இருக்கிறது, ஏணியில் இல்லை. இது ஏன் என்று விளங்கவில்லை.

மின்தடை:

அந்த இரண்டும் மிகச் சத்தமாக, உச்சவரம்பைத் தொடும்படி முடிக்கப்பட்ட பதிவுகளாக இருக்க வேண்டும் என்று ஊகிக்கிறேன். மாதிரிகள் வரம்புக்குள் இருந்தாலும், இரண்டு மாதிரிகளுக்கு இடையே அலையின் உண்மையான உச்சி வரம்புக்கு மேலே போகலாம். ஓவர்சாம்ப்ளிங் ஃபில்டர் அந்த இடைப்பட்ட மதிப்பைக் கணக்கிடும்போது இடம் போதாமல் அலையின் உச்சியை வெட்டிவிடும். நோஸ் நிலையில் இடைமதிப்பே கணக்கிடப்படுவதில்லை, எனவே வெட்டும் இல்லை. நீங்கள் ஒலியைச் சமப்படுத்தியபோது குறைத்தது ஏணியைத்தானே, உங்கள் டிஏசி முழு அளவிலேயே ஓடியிருக்கும். இரண்டுக்கும் மென்பொருளில் மேலும் 4 டெசிபெல் குறைத்துவிட்டு, அதை ஆம்ப்ளிஃபயரில் ஏற்றிக் கேட்டுப் பாருங்கள்.

நள்ளிரவுக்காது:

குறைத்தேன். ஒரு பதிவில் கூர்மை முற்றிலும் போய்விட்டது. மற்றதில் பாதி குறைந்தது. மீதிப் பாதி பதிவிலேயே இருக்கிறது போலும், இப்போது ஏணியிலும் தேடினால் கேட்கிறது. நண்பரின் கருவியை நாளை திருப்பிக் கொடுக்கிறேன். அதன் முன்பக்கக் குமிழின் கனமும் சுழலும் நயமும் நினைவில் நிற்கும் என்பதை ஏணிப்படி அவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன். அளவீட்டு மைக் ஒன்றை இரவல் கேட்டிருக்கிறேன். 43 ஹெர்ட்ஸ் மேட்டின் வரைபடம் கிடைத்ததும் இங்கேயே போடுகிறேன், மூலைபாஸ் அவர்கள் பார்த்துச் சொல்ல வேண்டும்.