புதுப்பிப்பு: கதை இல்லாத புத்தகம் கேட்டிருந்தேனே

பெரம்பூரில் நாங்கள் நாலைந்து நண்பர்கள் மாற்றி மாற்றிப் படிக்க, நாவல், கவிதை தவிர்த்து ஏதாவது சொல்லுங்கள் என்று போன மாதம் கேட்டிருந்தேன். நிலவரம் இதுதான்.

அதிகம் கைமாறியது ராய் மாக்ஸம் எழுதி, சிறில் அலெக்ஸ் தமிழாக்கிய 'உப்பு வேலி'. உப்பு வரிக்காக ஆங்கிலேயர்கள் நாட்டின் குறுக்கே முள்வேலி வளர்த்துக் காவல் போட்டிருந்தார்கள், 1879இல்தான் அந்தச் சுங்க எல்லையைக் கைவிட்டார்கள் என்பதை யாருமே நம்பவில்லை. துறைமுகத்தில் வேலை பார்க்கும் நண்பன், "இன்னாடா, வரிக்கு வேலியா?" என்று கேட்டவன், படித்த பிறகு புத்தகத்தைத் திருப்பித் தரவே இல்லை.

திரு.வி.க.வின் 'வாழ்க்கைக் குறிப்புகள்' என் தேர்வு. நடை கொஞ்சம் பழசு, பொறுமை வேண்டும். ஆனால் 1918இல் பக்கிங்ஹாம் கர்நாட்டிக் மில் தொழிலாளர்களைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் எழுந்த காலத்தை, அதில் நின்றவரே சொல்லிக் கேட்பது வேறு. எங்கள் வட்டத்தில் இரண்டு பேருடைய தாத்தாக்கள் அந்த மில்காரர்கள். அப்புறம் பேச்சு புத்தகத்தை விட்டு வீட்டுக் கதைகளுக்குப் போய்விட்டது. அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

பலரும் சொன்ன உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' தடிமனைப் பார்த்து எல்லோரும் நழுவுகிறார்கள். தங்கச்சி மட்டும் ஆரம்பித்திருக்கிறாள்.

அடுத்து அறிவியல் வேண்டுமாம். தமிழ் கரடுமுரடாக இல்லாத ஒன்றாகச் சொல்லுங்கள்.