டெபியன் பேக்கேஜ்: லேப்டாப்பில் பில்ட் ஆகிறது, எஸ்பில்டில் டெஸ்ட் விழுகிறது

முகில்:
ஒரு சின்ன பைத்தான் நூலகத்தை டெபியனுக்குப் பேக்கேஜ் செய்கிறேன். என் லேப்டாப்பில் சிக்கலே இல்லை. எஸ்பில்டில் (பேக்கேஜைச் சுத்தமான தனிச் சூழலில் பில்ட் செய்யும் கருவி) போட்டால், ‘கவ்’ என்ற ஆப்ஷன் தெரியாது என்று டெஸ்ட்களை ஓட்டும் பைடெஸ்ட் ஆரம்பத்திலேயே நின்றுவிடுகிறது. அந்த ஆப்ஷனைத் தரும் பைடெஸ்ட்-கவ் சேர்த்தால், இணையம் கிடைக்காமல் வேறு சில டெஸ்ட்கள் விழுகின்றன. அப்ஸ்ட்ரீமின் (நூலகத்தை எழுதியவர்களின்) டெவ் பட்டியலில் பிளாக், மைபை எல்லாம் இருக்கின்றன. அத்தனையையும் பில்ட்-டிபெண்ட்ஸில் (பில்டுக்குத் தேவையானவற்றின் பட்டியலில்) எழுத வேண்டுமா? பேசாமல் டெஸ்டையே அணைத்துவிடலாமா?

தேன்மொழி:
அணைக்காதீர்கள், அது கடைசி வழி. லேப்டாப்பில் நீங்கள் எப்போதோ நிறுவியதெல்லாம் கிடக்கும். எஸ்பில்டின் சுத்தமான சூழலில் அடிப்படைக் கருவிகளும், பில்ட்-டிபெண்ட்ஸ் இழுத்து வருபவையும் மட்டுமே இருக்கும்.

பிளாக், மைபை இரண்டும் நிரல் எழுதுபவருக்கானவை, நமக்கு வேண்டாம். கவரேஜும் (டெஸ்ட்கள் நிரலின் எந்த வரிகளைத் தொடுகின்றன என்ற கணக்கு; ‘கவ்’ அதற்குத்தான்) அப்படித்தான்; பைப்ராஜெக்ட் கோப்பில், பைடெஸ்டுக்கு ஆப்ஷன்கள் தரும் ஆட்ஆப்ட்ஸ் வரியில் இருக்கும், ஒரு பேட்ச் போட்டு நீக்கிவிடுங்கள். டெஸ்ட் கோப்புகள் எதை இம்போர்ட் செய்கின்றன என்று கிரெப் கட்டளையால் தேடிப் பாருங்கள். அவற்றை மட்டும் நோசெக் குறியோடு (டெஸ்ட் ஓட்டாத பில்டுக்கு இவை தேவையில்லை என்று சொல்வது) பில்ட்-டிபெண்ட்ஸில் சேர்த்தால் போதும்.

இணைய விஷயம்: பில்ட் நேரத்தில் நெட்வொர்க்கைத் தொடக்கூடாது என்பது டெபியன் கொள்கை, பிரிவு 4.9. அந்த டெஸ்ட்களை மட்டும், பைத்தான் பேக்கேஜ்களை பில்ட் செய்யும் பைபில்டின் டெஸ்ட் ஆர்க்ஸ் மாறி மூலம் விலக்குங்கள். ஏன் விலக்கினீர்கள் என்று ஒரு வரி கமென்ட் இருக்கட்டும்.

முகில்:
நன்றிங்க, பில்ட் முடிந்தது. ஆனால் இப்போது, நிறுவிய பேக்கேஜைச் சோதிக்கும் ஆட்டோபிகேஜிடெஸ்ட் விழுகிறது: பிகேஜி_ரிசோர்சஸ் மாட்யூல் இல்லையாம். அதே டெஸ்ட்கள் பில்டில் பாஸ் ஆயினவே?

சேரன்:
பில்டில் செட்அப்டூல்ஸ் (பைத்தான் நூலகங்களைப் பேக்கேஜ் செய்யும் கருவி) பில்ட்-டிபெண்ட்ஸ் வழியாக உள்ளே வந்துவிடும், அதோடு பிகேஜி_ரிசோர்சஸும் வரும். பயனரின் கணினியிலும், அதைப் போலவே சோதிக்கும் ஆட்டோபிகேஜிடெஸ்டிலும் அது வராது. அங்கே உங்கள் பேக்கேஜின் டிபெண்ட்ஸ் (ஓடுவதற்குத் தேவையானவற்றின் பட்டியல்) மட்டும்தான். டிஎச்_பைத்தான்3 என்ற டெபியன் கருவி அந்தப் பட்டியலை அப்ஸ்ட்ரீமின் மெட்டாடேட்டாவிலிருந்து எடுக்கிறது. அவர்கள் செட்அப்டூல்ஸைக் குறிப்பிடாமல் விட்டிருப்பார்கள். ஆக, இது டெஸ்டின் கோளாறு அல்ல, பேக்கேஜின் ஓட்டை. டெஸ்டை அணைத்திருந்தால் பக் ரிப்போர்ட்டாகத்தான் வந்திருக்கும்.

பிகேஜி_ரிசோர்சஸை எதற்குப் பயன்படுத்துகிறார்கள்? பதிப்பு எண்ணை எடுக்க மட்டும் என்றால், பைத்தான் 3.8 முதலே இம்போர்ட்லிப்.மெட்டாடேட்டா கூடவே வருகிறது. அதற்கு மாற்றிவிடுங்கள்.

அப்புறம் டெஸ்ட்ஸ் அடைவிலுள்ள கண்ட்ரோல் கோப்பைப் பாருங்கள். அங்கே சிலர் பழக்கத்தில் ‘பில்ட்டெப்ஸ்’ குறியைப் போட்டுவிடுவார்கள். பில்ட் சார்புகள் மொத்தமும் வந்து இந்த ஓட்டையை மறைத்துவிடும். டெஸ்ட்களைத் தற்காலிக அடைவுக்கு நகலெடுத்தும் ஓட்டுங்கள். இல்லையென்றால் நிறுவிய பேக்கேஜை விட்டுவிட்டு சோர்ஸ் அடைவில் இருப்பதையே சோதித்துக்கொண்டிருப்பீர்கள்.

முகில்:
பதிப்பு எண்ணுக்குத்தான். மாற்றினேன், பாஸ். அப்ஸ்ட்ரீமுக்கும் அனுப்பிவிட்டேன்.

சேரன்:
சரி, அவர்களுக்கு அனுப்பியதன் இணைப்பைப் பேட்ச்சின் தலைப்பில் ‘ஃபார்வர்டட்’ வரியில் எழுதிவையுங்கள். அடுத்த பதிப்பில் அவர்கள் சேர்த்திருந்தால் பேட்ச்சை எடுத்துவிடலாம்.