தேவ்தர் டிராபியும் விஜய் ஹசாரேவும் ஒண்ணா?

கேள்வி: ரெண்டுமே நம்ம நாட்டு உள்ளூர் கிரிக்கெட்ல 50 ஓவர் போட்டி தானே ப்ரோ, அப்புறம் எதுக்கு தனித்தனியா?

பதில்: ஹசாரேல மாநில டீமுங்க ஆடும், தேவ்தர்ல மண்டல டீமுங்க ஆடுச்சு. தமிழ்நாடு, கர்நாடகா, கேரளா பசங்க எல்லாம் சேர்ந்து சவுத் ஸோன். 2023ல புதுச்சேரில நடந்துச்சு, ஃபைனல்ல சவுத் ஸோன் ஈஸ்ட் ஸோன 45 ரன்ல அடிச்சுது, ரோஹன் குன்னும்மல் 107.

பதில்: என்னக் கேட்டா ஹசாரே தான் மாஸ். 2022ல பெங்களூர்ல அருணாச்சலுக்கு எதிரா நம்ம தமிழ்நாடு ஜெகதீசன் 141 பால்ல 277, அந்தப் பக்கம் சாய் சுதர்சன் 154, ஓப்பனிங் மட்டும் 416, டீம் 506/2, பௌலிங் போட்ட பசங்கள நெனச்சா தான் பாவம்.

பதில்: அதெல்லாம் சரி தல, 2021 ஹசாரே ஃபைனல் ஞாபகம் இருக்கா? ஜெய்ப்பூர்ல தினேஷ் கார்த்திக் 116 அடிச்சு நாம 314. ஹிமாச்சல் 47.3 ஓவர்ல 299/4, வெளிச்சம் போச்சு, ஆட்டம் பாதில நின்னா யாரு ஜெயிச்சதுன்னு சொல்ற விஜேடி கணக்குல 11 ரன்ல கப்பு அவங்களுக்கு. ஆனா அந்த ஷுபம் அரோரா 136 நாட் அவுட், வெளிச்சம் இருந்திருந்தாலும் முடிச்சிருப்பான்.

கேள்வி கேட்டவர்: ஓ, புரிஞ்சுது. அந்த விஜேடி யார் போட்ட கணக்கு?

பதில்: ஜெயதேவன்னு கேரளா இன்ஜினியர். இதே வேலைக்கு வெளிநாட்டுக்காரங்க போட்ட டக்வொர்த் லூயிஸ் கணக்குக்கு நம்மூர் போட்டி.