அன்கேப்டு எல்பார் 2 கோரைத் தாண்டவில்லை, பூலில் 7 கோர் சும்மா இருக்கிறது: உதவி தேவை

இரவுப்பணி:
வணக்கம். பவர்8 சர்வர், 16 கோர் ஷேர்டு பூல் (எல்பார்கள் பகிர்ந்துகொள்ளும் பொதுத் தொகுப்பு). அதில் ஐபிஎம்மின் ஏஐஎக்ஸ் 7.1 இயங்குதளம் ஓடும் எல்பார் (சர்வரைப் பிரித்து உருவாக்கிய தனிப் பகுதி) ஒன்றில் டேட்டாபேஸ் இருக்கிறது. ராத்திரி பேட்ச் வேலை முன்பெல்லாம் மூன்று மணி நேரத்துக்குள் முடியும். இப்போது 4 மணி 10 நிமிடம் ஆகிறது. காலையில் ஆட்கள் வேலையைத் தொடங்கும்போதும் அது ஓடிக்கொண்டிருக்கிறது.

என்டைட்டில்மென்ட் (உறுதியாகக் கிடைக்கும் பங்கு) 1.2 கோர், விர்ச்சுவல் பிராசசர் 2, அன்கேப்டு (பங்குக்கு மேலும் எடுக்கலாம்), வெயிட் (போட்டியில் முன்னுரிமை) 128, எஸ்எம்டி (ஒரு கோரில் ஓடும் த்ரெட்) 4. பேட்ச் நேரத்தில் எல்பார்ஸ்டாட் கட்டளையில் யூசரும் சிஸ்டமும் சேர்ந்து 96 சதவீதம், பிஸ்சி (பயன்படுத்தும் கோர்) 1.99, என்ட்சி (என்டைட்டில்மென்ட்டில் பயன்பாட்டுச் சதவீதம்) 166, ஆப் (பூலில் ஓய்வாக இருக்கும் கோர்) 7-க்கு மேல்.

வெயிட்டை 255 ஆக்கினேன், மாற்றமில்லை. என்டைட்டில்மென்ட்டை 1.8 ஆக்கினேன். என்ட்சி 111-க்கு இறங்கியது, நேரம் ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை. 2.5 கொடுத்தால் ஹெச்எம்சி (சர்வரை நிர்வகிக்கும் கன்சோல்) ஏற்க மறுக்கிறது. எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிட்டேன். அன்கேப்டு என்றால் பூலில் மிச்சமிருப்பதை எடுத்துக்கொள்ள வேண்டும்தானே? ஏன் எடுக்கவில்லை?

நூல்கண்டு:
எஸ்எம்டி 8 போட்டுப் பாருங்கள். லாஜிக்கல் சிபியு 8 என்பது 16 ஆகிவிடும்.

பழையஅட்மின்:
எஸ்எம்டியை மாற்றினால் அதே இரண்டு கோருக்குள் த்ரெட்தான் கூடும், கோர் கூடாது. சில வேலைகளுக்குக் கொஞ்சம் பலன் தரும். இங்கே சிக்கல் அதுவல்ல என்று நினைக்கிறேன். உறுதியாகச் சொல்வதற்கு முன் இரண்டு விவரம் வேண்டும். பேட்ச் ஓடும்போது விஎம்ஸ்டாட் கட்டளையில் ரன் க்யூ (ஓடவும் ஓடக் காத்திருக்கவும் செய்யும் த்ரெட்கள்) எவ்வளவு, ஐஓ காத்திருப்பு எவ்வளவு? அப்புறம், எல்பாரின் மேக்சிமம் விர்ச்சுவல் சிபியு எத்தனை?

இரவுப்பணி:
ரன் க்யூ 18 முதல் 22 வரை. ஐஓ காத்திருப்பு 1 சதவீதம்தான். மேக்சிமம் விர்ச்சுவல் சிபியு 4.

பழையஅட்மின்:
சரி, டிஸ்க் மேல் பழி இல்லை. உங்கள் எல்பார் கூரையில் முட்டி நிற்கிறது, அந்தக் கூரை விர்ச்சுவல் பிராசசர் எண்ணிக்கை.

ஒரு விர்ச்சுவல் பிராசசர் எந்த நேரத்திலும் ஒரு நிஜ கோரில்தான் உட்கார முடியும். இரண்டு இருந்தால், பூல் முழுக்கக் காலியாக இருந்தாலும் 2.0-க்கு மேல் போகாது. பிஸ்சி 1.99 சொல்வது அதைத்தான். என்டைட்டில்மென்ட் என்பது ஒவ்வொரு 10 மில்லிசெகண்ட் சுற்றிலும் கட்டாயம் கிடைக்கும் பங்கு. அது விர்ச்சுவல் பிராசசர் எண்ணிக்கையைத் தாண்டக் கூடாது, அதனால்தான் 2.5 மறுக்கப்பட்டது. வெயிட் பேசுவது போட்டி வரும்போது மட்டும். 7 கோர் சும்மா கிடக்கும்போது 128-ம் 255-ம் ஒன்றே. வெயிட் 0 வைத்தால் மட்டும் கவனம், அன்கேப்டு எல்பாரும் கேப்டு (பங்குக்கு மேல் எடுக்க முடியாதது) போலவே நடந்துகொள்ளும்.

டிஎல்பார் (ஓடும்போதே எல்பாரின் அமைப்பை மாற்றும் வசதி) மூலம் விர்ச்சுவல் பிராசசரை 4 ஆக்குங்கள். மேக்சிமம் 4 என்பதால் நிறுத்தாமலே செய்யலாம்.

நூல்கண்டு:
நான் சொன்னது தவறு, விளக்கத்துக்கு நன்றி. அப்படியானால் ஒரே அடியாக 12 வைத்தால் என்ன?

பழையஅட்மின்:
வேண்டாம். பவர்8-இல் ஒரு விர்ச்சுவல் பிராசசருக்குக் குறைந்தது 0.05 என்டைட்டில்மென்ட் போதும், ஆகவே மேக்சிமத்தை உயர்த்தினால் 1.2-க்கு 12 அனுமதிக்கப்படும். ஆனால் பூல் நிரம்பும் நேரத்தில் அந்த 1.2 பன்னிரண்டாகப் பிரிந்து, ஆளுக்கு ஒரு மில்லிசெகண்ட்தான் மிஞ்சும். ஓடத் தொடங்கி கேச் நிரம்புவதற்குள் இறங்க வேண்டி வரும். தேவையில்லாத விர்ச்சுவல் பிராசசர்களை ஏஐஎக்ஸ் மடித்து (ஓய்வில்) வைக்கும் என்பது உண்மைதான். வேலை குவியும்போது அவை எல்லாம் விரிந்துவிடும். உச்ச நேரத் தேவையைவிட ஒன்று கூட இருந்தால் போதும்.

இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. அன்கேப்டு எல்பாரில் விர்ச்சுவல் பிராசசர் எண்ணிக்கையை வைத்து உரிமக் கட்டணம் கணக்கிடும் மென்பொருள்கள் உண்டு. மாற்றும் முன் உங்கள் டேட்டாபேஸ் ஒப்பந்தத்தைப் பார்த்துவிடுங்கள்.

இரவுப்பணி:
உரிமம் பார்த்தாயிற்று, 4 வரை இடம் இருக்கிறது. நேற்று ராத்திரி மாற்றினேன். பிஸ்சி 3.3, ரன் க்யூ பாதியாகிவிட்டது, பேட்ச் 2 மணி 35 நிமிடத்தில் முடிந்தது. மனமார்ந்த நன்றி! என்ட்சி 275 காட்டுகிறது. அது பிரச்சினையா?

பழையஅட்மின்:
இன்றைக்கு இல்லை. ஆனால் 1.2 மட்டும்தான் உங்களுடையது, மீதி 2.1 கடன். மாதக் கடைசியில் மற்ற எல்பார்களும் விழித்துக்கொண்டால் கடன் கிடைக்காது, பேட்ச் மறுபடி இழுக்கும். பேட்ச் கட்டாயம் முடிய வேண்டிய வேலை என்பதால் என்டைட்டில்மென்ட்டை 2.0 ஆக்குங்கள். பூலில் ஒதுக்கப்படாத அலகுகள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். நீங்கள் பார்க்கும் ஆப் எண் அந்த நேரத்தில் ஓய்வாக இருப்பதைக் காட்டுமே தவிர, ஒதுக்க மீதி எவ்வளவு என்று சொல்லாது.

முடித்த கையோடு நடப்பு அமைப்பை ப்ரொஃபைலில் (எல்பாரைக் கிளப்பும்போது எடுத்துக்கொள்ளும் அமைப்புப் பதிவு) சேமித்துவிடுங்கள். டிஎல்பாரில் செய்தது ப்ரொஃபைலில் ஏறாமல், எல்பாரை நிறுத்திப் பழைய ப்ரொஃபைலிலிருந்து கிளப்பினால், மீண்டும் இரண்டு விர்ச்சுவல் பிராசசரோடுதான் எழுந்து வரும்.

இரவுப்பணி:
ஒதுக்கப்படாமல் 1.5 அலகு இருந்தது. அதிலிருந்து 0.8 எடுத்து 2.0 ஆக்கி, ப்ரொஃபைலிலும் சேமித்துவிட்டேன். என்ட்சி இப்போது 165. மாதக் கடைசி பேட்ச் முடிந்ததும் அந்த எண்களையும் இங்கேயே போடுகிறேன்.