பால்கனிச் சுவரில் செடியாலேயே படம் வரைய முடியுமா?

மாடிவாசி:
வேளச்சேரியில் மூன்றாவது மாடி, மேற்கு பார்த்த பால்கனி. சுவர் வெறுமையாகக் கிடக்கிறது, அதில் பெயின்ட் இல்லாமல் உயிருள்ள செடியாலேயே ஒரு மயில் கொண்டுவர வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. வீடியோவில் பார்த்தபடி பாசியை மோர், சர்க்கரையோடு மிக்ஸியில் அடித்து பிரஷ்ஷால் பூசினேன். ஐந்தாம் நாள் வெள்ளைப் பூஞ்சை, புளித்த நாற்றம், எறும்பு வரிசை. பத்தாம் நாள் எல்லாம் காய்ந்து உதிர்ந்துவிட்டது. தினமும் மூன்று வேளை தண்ணீர் தெளித்தும் இப்படி. என்ன தப்பு செய்தேன்?

தொட்டிமண்:
தப்பு உங்களிடம் இல்லை நண்பரே. பாசிக்கு உண்மையான வேர் கிடையாது, அது குடிக்கிற தண்ணீர் பெரும்பாலும் இலை வழியாகத்தான், அதனால் மேலே ஈரம் இருந்துகொண்டே இருக்க வேண்டும். சாயங்காலம் நாலு மணிக்கு அந்தச் சுவரில் கை வைத்துப் பாருங்கள், சுடும். மோரும் சர்க்கரையும் பாசிக்கு எதற்கு? வெளிச்சத்தை வைத்துத் தானே சமைத்துக்கொள்கிற செடி அது, நீங்கள் போட்டதெல்லாம் பூஞ்சைக்குத்தான் போனது. பாரிஸில் பாட்ரிக் பிளாங்க் என்ற தாவரவியலாளர் அமைத்த செங்குத்துத் தோட்டங்கள்கூடச் சுவரில் நேராக வளர்வதில்லை. உலோகச் சட்டம், பிவிசி பலகை, அதன் மேல் ஃபெல்ட் என்கிற தடித்த துணி, துணி காயாமல் மேலிருந்து சத்து கலந்த தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். வாடகை வீடென்றால் அந்த வழியே வேண்டாம்.

கோலமாவு:
சுவரை விட்டுத் தரைக்கு வாங்க தம்பி. ஆல்டர்நாந்திரா என்று நர்சரியில் கேளுங்கள், பார்க்குகளில் எழுத்து எழுதி வைப்பார்களே அந்தச் செடி. சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று. கிள்ளி நட்டாலே பிடித்துக்கொள்ளும். அகலமான ட்ரேயில் நாலு விரல் இடைவெளி விட்டு நான் ஒரு கோலம் போட்டு வைத்திருக்கிறேன், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கத்தரிக்காவிட்டால் கோடு கலைந்துவிடும். நல்ல வெயில் வேண்டும், நிழலில் வைத்தால் சிவப்பு மங்கிப் பச்சையாகிவிடும், அதைப் பார்த்தால் மனசே கேட்காது.

வைகைக்கரை:
மயில்தான் வேண்டுமென்றால் முளைப்பாரி வழி இருக்கிறது. எங்கள் ஊரில் மாரியம்மன் திருவிழாவுக்கு இருட்டறையில் வளர்ப்பார்கள், வெயில் படாததால் முளை வெளிறிய மஞ்சளாக நிற்கும். வெளிச்சம் பட்ட இடம் மட்டும் பச்சையாகும் என்றால், வெளிச்சத்தை வைத்தே படம் போடலாம் இல்லையா? இங்கிலாந்தில் ஹீதர் ஆக்ராய்ட், டேன் ஹார்வி என்ற இருவர் இதைத்தான் செய்கிறார்கள், இருட்டில் வளரும் புல்லின் மேல் போட்டோ நெகட்டிவை ஒளியாகப் பாய்ச்சினால் புல்லிலேயே முகம் எழுந்து வருகிறது.

வீட்டில் நான் கோதுமையில் செய்தேன். ஓர் இரவு ஊறவைத்து, தென்னை நார்க்கழிவின் மேல் இடைவெளி தெரியாமல் நெருக்கிப் பரப்பி, அட்டைப்பெட்டியால் மூடி வைத்தால் நாலைந்து நாளில் இரண்டு அங்குலம் வந்துவிடும். அப்புறம் கறுப்பு அட்டையில் மயிலை வெட்டியெடுத்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, முளையின் நுனிக்குச் சற்று மேலே வைத்து, நேர் மேலே ஓர் எல்இடி பல்பு. சாய்வான வெளிச்சம் கூடாது, முளை அந்தப் பக்கமே வளைந்துவிடும். இரண்டு நாள் பொறுங்கள். தண்ணீர் கொஞ்சமாக விடுங்கள், அதிகமானால் மறுபடியும் பூஞ்சை.

மாடிவாசி:
நன்றி அண்ணா, நேற்று திறந்து பார்த்தேன், மயில் வந்திருக்கிறது! தோகை அப்படியே நிற்கிறது, கழுத்து மட்டும் மங்கல். கண்ணாடியை உயரமாக வைத்துவிட்டேனோ? பார்த்துக்கொண்டே இருக்கும்போது மஞ்சளும் பச்சையாகிறது, அதை எப்படி நிறுத்துவது?

வைகைக்கரை:
ஆமாம், கண்ணாடி உயரம்தான். பச்சையாவதை நிறுத்த முடியாது தம்பி, தள்ளிப்போடலாம். மங்கலான மூலையில் வையுங்கள், பார்க்காத நேரம் மூடி விடுங்கள். வீட்டில் எல்லோரையும் இன்றைக்கே கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள்.