வீட்டுத் தோட்டம்: எல்லோரும் சேர்ந்து செய்தால் உண்மையிலேயே சந்தோஷமா?

கொல்லைப்புறம்:
வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் சும்மா கிடக்கிறது. காலையிலிருந்து மத்தியானம் வரை நல்ல வெயில் விழும், காய்கறி போடலாம் என்று வெகுநாள் ஆசை. கணவருக்கும் சம்மதம்தான், ஆனால் "கடைசியில் எல்லா வேலையும் உன் தலையில்தான் விழும்" என்கிறார், அதிலும் நியாயம் இருக்கிறது. பையனுக்கு 7 வயது, பெண்ணுக்கு 11. மாமியாருக்குக் குனிந்து நிமிர முடியாது, ஆனால் செடி என்றால் உயிர். குடும்பமாகத் தோட்டம் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள், காய் கிடைப்பது இருக்கட்டும், அதில் அப்படி என்ன சந்தோஷம்? எதில் ஆரம்பித்தால் பிள்ளைகள் பாதியில் விட்டுவிட மாட்டார்கள்?

வெண்டைப்பூ:
பறிக்கிற நாள் கொஞ்சம்தான் தோழி, பார்க்கிற நாள்தான் அதிகம். அந்தப் பார்க்கிற நாள் பிடித்துப்போனால் தோட்டம் உங்களை விடாது. வெண்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். விதையை ராத்திரி ஊறவைத்து ஊன்றினால் ஒரு வாரத்துக்குள் முளை, ஒன்றரை மாதம் போல் ஆனால் பூ. வெளிர்மஞ்சள் இதழ், நடுவில் கருஞ்சிவப்பு, காலையில் விரிந்தால் அன்றைக்கே வாடிவிடும். அதனால் எங்கள் வீட்டில் பல் தேய்த்துக்கொண்டே எல்லோரும் பின்பக்கம் ஒரு சுற்று போய்வருவோம், யார் முதலில் பூவைப் பார்ப்பது என்று போட்டி. பூ உதிர்ந்து நாலைந்து நாளில் காய் பறிக்கும் பதம். இரண்டு நாள் கவனிக்காவிட்டால் முற்றி நார் பாய்ந்துவிடும். பறித்ததும் என் மகள் நுனியை ஒடித்துப் பார்ப்பாள், டக்கென்று ஒடிந்தால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

ஈரமண்:
பிள்ளைகளுக்குக் காத்திருக்கப் பொறுமை இருக்காது, முதலில் சீக்கிரம் வருவதைப் போடுங்கள். சின்ன ரக முள்ளங்கி ஒரு வாரத்துக்குள் முளைக்கும், 25, 30 நாளில் பிடுங்கிவிடலாம். கீரையும் அப்படித்தான், வெயில் கொஞ்சம் குறைந்தாலும் வரும். தக்காளி, கத்தரிக்கெல்லாம் 6 மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும், உங்கள் இடத்தில் பிரச்சினை இருக்காது. மாமியாருக்கு இடுப்பு உயரத்தில் மேடை போட்டுத் தொட்டிகளை வைத்துக் கொடுங்கள், நின்றபடியே வேலை பார்ப்பார்.

அப்புறம், ஆளுக்கு ஒரு பாத்தி பிரித்துக் கொடுத்துவிடுங்கள். தன்னுடையது என்றால்தான் தண்ணீர் ஊற்றுவார்கள்.

பொறிவண்டு:
ஆளுக்கொரு பாத்தி என்பதில் எனக்கு உடன்பாடில்லை, ஈரமண் தப்பாக நினைக்காதீர்கள். ஒருவர் செடி செழித்து இன்னொருவர் செடி வாடினால் சின்னதுக்கு மனசு விட்டுப்போகும். இடம் பொதுவாக இருக்கட்டும், வேலையைப் பிரியுங்கள்.

உங்கள் மகளுக்குப் பூசணி மகரந்தச் சேர்க்கையைக் கொடுங்கள். ஆண் பூவுக்கு வெறும் காம்பு, பெண் பூவுக்கு அடியிலேயே குட்டிக் காய் இருக்கும். காலையில் பூ விரிந்ததும் ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவினால் போதும். சில நாளில் அந்தக் குட்டிக் காய் பருக்க ஆரம்பித்தால் பிடித்துவிட்டது, மஞ்சளாகி விழுந்தால் இன்னொரு பூ பார்க்கலாம். தானே பிடிக்கவைத்த காயை ஒரு பிள்ளை மறக்கவே மறக்காது.

பையனுக்குப் பூச்சி இலாகா. இலைக்கு அடியில் அசுவினி மொய்த்திருந்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி போய்விடும். ஆனால் கறுப்பாக, ஆரஞ்சுப் புள்ளியோடு, குட்டி முதலை மாதிரி ஏதாவது ஊர்ந்தால் நசுக்கவேண்டாம் என்று சொல்லிவையுங்கள், பெரும்பாலும் அது பொறிவண்டின் புழுவாக இருக்கும். அசுவினியைத் தின்று தீர்ப்பதே அதுதான்.

கொல்லைப்புறம்:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி! வாசித்துக் காட்டினேன், பூச்சி இலாகா இப்போதே பொறுப்பேற்றாகிவிட்டது. மாமியாருக்கு அவரைப் பந்தல் வேண்டுமாம். சின்ன இடத்தில் பந்தல் போட்டால் மற்றதெல்லாம் நிழலில் மாட்டிக்கொள்ளாதா?

வெண்டைப்பூ:
தாராளமாகப் போடுங்கள். உங்களுக்குக் காலை வெயில்தானே, பந்தலை மேற்கு ஓரத்தில் வைத்தால் நிழல் அந்தப் பக்கமே விழும், பாத்திகளுக்குத் தொந்தரவில்லை. அவரை பூக்கும் சமயத்தில் ஒரே ஒரு செடியை மண்ணோடு மெதுவாகப் பெயர்த்து எடுத்துப் பிள்ளைகளிடம் வேரைக் காட்டுங்கள், சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிந்தால், அதிலிருக்கும் பாக்டீரியா காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். காய்ப்பு முடிந்ததும் கொடியை மண்மட்டத்தில் வெட்டி எடுத்துவிட்டு வேரை மண்ணிலேயே விடுங்கள், அதே இடத்தில் கீரை விதைக்கலாம்.